பாடுவது அடியார் பணி, பலன் அவன் பொறுப்பு: தாளப்பாக்கம் அன்னமாசார்யர் சரிதம்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

ப்ரஹ்மோத்ஸவ காலத்தில் ஸந்நிதிக்கு வந்து தீர்த்தமும் ஸ்ரீசடாரியும் பெற்றுச் செல்லும் ஸங்கீத வித்வான்கள், நாதஸ்வரக் கலைஞர்கள், ஹரிகதை செய்பவர்கள் ஆகியோரில் பலர், பெருமாளை ஸேவித்துத் திரும்பும் தறுவாயில் அடியேனிடம் ஒரு விஷயத்தைச் சற்றுத் தயக்கத்துடன் விசாரிப்பதுண்டு. தமக்கு எந்த நாள் அளிக்கப்பட்டிருக்கிறது, அன்று ஜனங்கள் உட்கார்ந்து கேட்பார்களா, கருட ஸேவையன்று மாற்றித் தர இயலுமா என்பனவே அவ்விசாரணைகள். அவர்களைக் குறைகூற அடியேனுக்கு நா எழுவதில்லை. வருஷக் கணக்காக ஸாதகம் செய்த வித்தை பத்துப் பேர் செவியில் விழவேண்டும் என்ற ஆசை இயல்பானதே. அடியேனும் இதற்கு விலக்கல்லன். பாடசாலையில் பயின்ற இளம் வயதில், ஸபையில் ச்லோகம் சொல்லும்போது, பெரியவர்களில் எவர் தலையசைக்கிறார் என்று ஓரக்கண்ணால் பார்த்து, சொல்லவேண்டிய பதத்தையே தவறவிட்டதுண்டு. மறதியினால் அப்பதம் தவறவில்லை. கண் போன இடத்தில் மனமும் போயிற்று, அவ்வளவே.

தன் கையில் உள்ளதை விட்டுவிட்டு, தன் கையில் இல்லாததைப் பார்த்துக்கொண்டிருக்கும் இந்த நோய் கலைஞர்களுக்கு மட்டும் உரியதன்று. தொழில் செய்வோர், பிள்ளைகளை வளர்ப்போர், கைங்கர்யம் செய்வோர் அனைவரையும் பற்றுவது. ஆயினும் கலைஞரிடத்தில் இது விரைவில் முற்றிவிடுகிறது. அதற்கு மருந்தாக அமைந்த ஒரு மஹானின் சரிதத்தை இந்த உத்ஸவ மலரின் வாயிலாக ஆஸ்திக அன்பர்களின் திருமுன் ஸமர்ப்பிக்க விழைகிறேன். அவர் திருவேங்கடமுடையானுக்கே தம் நாவை அர்ப்பணித்த தாளப்பாக்கம் அன்னமாசார்யர்.

குலமும் பிறப்பும்

ஆந்திர தேசத்தில், கடப்பைச் சீமையைச் சேர்ந்த ராஜம்பேட்டைக்கு அருகே தாளப்பாக்கம் என்னும் சிற்றூர் உள்ளது. சென்னகேசவப் பெருமாள் கோயில் கொண்ட அவ்வூரில், நாராயண ஸூரி, லக்கமாம்பா என்னும் தம்பதியருக்கு 1408-ஆம் ஆண்டு, வைசாக மாஸத்து விசாக நக்ஷத்ரத்தில் அன்னமய்யா அவதரித்தார். நம் ஆழ்வார்களில் தலைவரான நம்மாழ்வாரின் திருநக்ஷத்ரமும் விசாகமே. மேலும், பேயாழ்வாரைப் போலவே இவரும் எம்பெருமானின் திருவாளாகிய நந்தகத்தின் அம்சம் என்று பெரியோர் போற்றுவர்.

அவருடைய வாழ்க்கையை நாம் அறிவதற்குத் துணையாக நிற்பது, அவருடைய பேரர் சின்னன்னா என்னும் சின்னத் திருவேங்கடநாதர் தெலுங்கில் த்விபத யாப்பில் இயற்றிய சரித்ர நூல். அந்நூல் அன்னமய்யாவின் பாட்டனாரைப் பற்றி ஒரு வரலாறு கூறுகிறது. பாட்டனாராகிய நாராயணய்யாவுக்குச் சிறு வயதில் கல்வி ஏறவில்லையாம். உபாத்தியாயர் தந்த தண்டனைகளைப் பொறுக்கமாட்டாத அச்சிறுவன், ஊட்டுகூரில் சிந்தலம்மா என்னும் தேவதையின் கோயிலை அடைந்து, பாம்பு தீண்டி மாண்டுபோவதே மேல் என்று புற்றினுள் கையை விட்டான். தேவி ப்ரத்யக்ஷமாகி, அவன் வம்சத்தில் மூன்றாம் தலைமுறையில் பரம பாகவதன் ஒருவன் தோன்றுவான் என்று கூறித் தேற்றினாள். வித்தை வரவில்லையே என்று உயிரை விடத் துணிந்த பிள்ளையின் பேரரே, பிற்காலத்தில் ஆயிரமாயிரமாய்ப் பாடல் பொழிந்தார். தன் முயற்சியின் முடிவு இன்னதென்று அன்று அந்தப் பிள்ளையால் எவ்வாறு அறிந்திருக்க முடியும்?

மலையேறிய பிள்ளை

அன்னமய்யா சிறு வயது முதலே வேங்கடவன் நினைவாகப் பாடித் திரிந்தவர். கூட்டுக் குடும்பமாதலின் வீட்டு வேலைகளில் கவனம் இல்லை என்ற குறையும் எழுந்தது. ஒருநாள் மாட்டுக்குப் புல் அறுத்துவர அவரை அனுப்பினார்கள். பாட்டில் மனம் சென்றிருந்தபடியால் அரிவாள் விரலை அறுத்துவிட்டது. அந்த வலியிலேயே உலகப் பற்றின் தன்மை அவருக்கு விளங்கியது என்றும், அவ்வழியே திருமலை நோக்கிச் சென்ற யாத்ரீகர் கூட்டத்துடன் அப்படியே கலந்துகொண்டார் என்றும் சரிதம் கூறும்.

அலிபிரியைக் கடந்து மலைப்படிகளில் ஏறியவர், முழங்கால் முறிச்சான் என்று நம்மவர் வழங்கும் செங்குத்தான ஏற்றத்தில் பசியாலும் களைப்பாலும் சோர்ந்து, ஒரு மூங்கில் புதரின் நிழலில் பாறைமேல் உறங்கிவிட்டார். காலில் பாதரக்ஷை. அலர்மேல்மங்கைத் தாயார் ஒரு மூதாட்டியின் வடிவில் எழுந்தருளி, இம்மலை முழுவதும் ஸாளக்ராம மயமானது, பாதரக்ஷையைக் கழற்றிவிட்டு ஏறவேண்டும் என்று உபதேசித்து, ப்ரஸாதமும் அளித்து மறைந்தாள் என்பது ஐதிஹ்யம். அவ்விடத்திலேயே தாயார் மீது ஒரு சதகம் பாடினாராம் அந்தப் பிள்ளை.

இங்கு ஒன்றை நாம் உற்று நோக்கவேண்டும். நூறு பாடல்கள் பாடப்பட்ட அந்த அரங்கில் கேட்போர் எவரும் இலர். வெயிலும், பாறையும், மூங்கில் புதருமே ஸபை. பாடச் சொன்னவர் இல்லை. பாடி முடித்தபின் பாராட்டியவரும் இல்லை. தாயாரின் கருணையை நினைந்த நெஞ்சு நிறைந்து வழிந்தது. அதுவே போதுமானதாக இருந்தது. ஒரு கலைஞனின் முதல் அரங்கேற்றம் இவ்வாறு அமைவது எத்தகைய பாக்யம்!

திருமலையில் கனவிஷ்ணு என்னும் வைஷ்ணவ யதி அவருக்கு ஸமாச்ரயணம் செய்துவைத்தார். பின்னர் ஊர் திரும்பி, திம்மக்கா, அக்கலம்மா என்னும் இருவரை மணந்தார். திம்மக்கா ஸுபத்ரா கல்யாணம் என்னும் காவ்யத்தை இயற்றியவர். தெலுங்கு மொழியின் முதற் பெண் கவி என்று போற்றப்படுபவர். அஹோபிலத்தில் எழுந்தருளியிருந்த ஆதிவண் சடகோப யதியின் திருவடிகளில் வேதாந்தம் பயின்றார் அன்னமாசார்யர். ஆழ்வார்களின் அருளிச்செயலிலும் எம்பெருமானார் தர்சனத்திலும் ஊறியதன் பயனை அவர் பாடல்களில் எங்கும் காணலாம். தமிழ் மறை தெலுங்கு மொழியில் மீண்டும் ஊற்றெடுத்தது போலும் என்று ரஸிகர்கள் வியப்பர்.

அரசனும் கவியும்

அக்காலத்தில் சாளுவ நரஸிம்ஹன் என்னும் சிற்றரசன் புகழ் பெற்று வந்தான். பின்னாளில், 1485-ஆம் ஆண்டில், விஜயநகர ஸிம்ஹாஸனத்திலேயே ஏறியவன் இவனே. திருவேங்கடமுடையானிடத்தில் மிகுந்த பக்தி உடையவன் என்பதற்குத் திருமலைக் கல்வெட்டுக்களே ஸாக்ஷி. அன்னமாசார்யரிடத்தில் அவன் பெருமதிப்பு வைத்திருந்தான். அவரைத் தன் இருப்பிடத்துக்கு வரவழைத்து ஆதரித்தான்.

ஒருநாள் ஸபையில் ஆசார்யர் தாயாருக்கும் பெருமாளுக்கும் உரிய ச்ருங்கார ஸங்கீர்த்தனம் ஒன்றைப் பாடினார். கேட்டு உருகிய அரசன் பொன்னும் ஆடையும் அளித்துப் போற்றினான். அத்துடன் நின்றிருந்தால் சரிதம் வேறு விதமாகப் போயிருக்கும். அதே போன்ற பாடல் ஒன்று தன் மீதும் பாடவேண்டும் என்று கேட்டான். அன்னமாசார்யர் காதுகளைப் பொத்திக்கொண்டு ஹரி நாமத்தை உச்சரித்தார். முகுந்தனைப் பாடிய நாவினால் மனிதனைப் பாடுவதற்கில்லை என்று மறுத்தார். கோபம் கொண்ட அரசன் கனமான விலங்கைப் பூட்டிச் சிறையில் இடுவித்தான். சிறையிலிருந்தபடியே அவர் பெருமாளைப் பாட, விலங்கு தானே தெறித்து விழுந்தது என்றும், நம்பாத அரசன் மீண்டும் பூட்டுவித்தபோது மறுபடியும் அவ்வாறே நிகழ்ந்தது என்றும், பின்னர் அவன் அடிபணிந்து க்ஷமை வேண்டினான் என்றும் சின்னன்னா எழுதுகிறார்.

இந்த வரலாற்றைக் கேட்பவர்கள் விலங்கு தெறித்ததையே பெரிதாகப் பேசுவர். அடியேனுக்கோ அதற்கு முந்தைய கணமே பெரிதாகத் தோன்றுகிறது. மறுத்தபோது, விலங்கு தெறிக்கும் என்று அவருக்குத் தெரியாது. அரசனின் ப்ரீதி அவர் கையில் இல்லை; அவனுடைய கோபமும் அவர் கையில் இல்லை; விலங்கின் கனமும், சிறையில் இருக்கவேண்டிய நாட்களும் அவர் கையில் இல்லை. எவரைப் பாடுவது என்பது ஒன்றே அவர் வசம் இருந்தது. அந்த ஒன்றை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. மற்றவற்றை எல்லாம் அவற்றுக்கு உரியவனிடத்தில் விட்டுவிட்டார். விலங்கு தெறிக்காமலே போயிருந்தாலும் அவருடைய பெருமைக்கு ஒரு குறையும் நேர்ந்திராது என்பதே அடியேனின் துணிபு.

நாள்தோறும் ஒரு பாடல்

தாளப்பாக்கத்தாரின் செப்பேட்டு முகப்பு வாசகம் ஒன்றினால், பதினாறாம் ப்ராயத்தில் திருவேங்கடமுடையானின் ஸாக்ஷாத்காரம் பெற்று, 1424-ஆம் ஆண்டு தொடங்கி, 1503-ஆம் ஆண்டு பங்குனி மாஸத்துத் தேய்பிறை த்வாதசியன்று பரமபதம் எய்தும் வரையில் அவர் ஸங்கீர்த்தனம் இயற்றினார் என்பது விளங்குகிறது. நாள் ஒன்றுக்கு ஒரு பாடலாவது பெருமாளுக்கு ஸமர்ப்பிப்பது என்பதே அவருடைய நியமம். மொத்தம் 32,000 ஸங்கீர்த்தனங்கள் என்று ஸம்ப்ரதாயம் கூறும். 79 ஆண்டுகளில் அத்தனை பாடல்கள் என்றால், ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 400 ஆகிறது. நாளொன்றுக்கு ஒன்று என்ற நியமத்தைக் காட்டிலும் சற்று அதிகமே.

இந்த நியமத்தை நாம் எளிதாகக் கடந்து சென்றுவிடலாகாது. நாளொன்றுக்கு ஒரு பாடல் என்று ஸங்கல்பித்தவர், நாளொன்றுக்கு ஒரு சிறந்த பாடல் என்று ஸங்கல்பிக்கவில்லை. அரசர் மெச்சும் பாடல் என்றும் ஸங்கல்பிக்கவில்லை. சிறப்பு என்பது ப்ரதிபையைப் பொறுத்தது. ப்ரதிபை பகவானுடைய கொடை. ஒருநாள் பெருகும், ஒருநாள் வற்றும். மெச்சுதல் கேட்போரைப் பொறுத்தது. காலையில் எழுந்து நீராடித் திருமண் காப்பு தரித்து, தம்பூராவைச் சுருதி கூட்டி, அன்றைய பாடலைப் பாடி முடிப்பது மட்டுமே பாடுகிறவனைப் பொறுத்தது. மழை பெய்த நாளிலும், உடல் தளர்ந்த நாளிலும், உறவினர் இல்லத்தில் துக்கம் நேர்ந்த நாளிலும் செய்யக்கூடியதையே நியமமாகக் கொள்ளவேண்டும். அவ்வாறு கொண்டபடியால்தான் அது 79 ஆண்டுகள் நிலைத்தது.

அவர் பாடாத பொருள் இல்லை. பெருமாளைத் துயிலெழுப்புவது முதல் தாலாட்டிப் பள்ளிகொள்ளச் செய்வது வரை, நித்ய உத்ஸவங்கள், வாஹன ஸேவைகள், தாயாரின் ஊடல், சரணாகதி, வைராக்யம் அனைத்தும் அவர் பாடல்களில் உண்டு. பரப்ரஹ்மம் ஒன்றே ஆகையால் உயிர்களுக்குள் உயர்வு தாழ்வு கற்பிப்பது தகாது என்றும் உரக்கப் பாடியவர் அவர். பண்டிதர்களின் நடையை விட்டு, உழுபவரும் மாவரைக்கும் பெண்டிரும் பேசும் தெலுங்கிலேயே பாடினார். ஸம்ஸ்க்ருதத்திலும் பல ஸங்கீர்த்தனங்கள் அருளினார். பல்லவியும் சரணங்களுமாகப் பாடும் முறைக்கு அவர் வகுத்த வடிவத்தைப் போற்றி, பத கவிதா பிதாமஹர் என்று ஆந்திரர் அவரைக் கொண்டாடுவர்.

தாமரமும் ஒரு கைங்கர்யம்

பலன் நம் கையில் இல்லை என்று கேட்டவுடன், ஆயின் கையைக் கட்டிக்கொண்டு வாளாவிருக்கலாம் என்று சிலர் பொருள் கொள்வதுண்டு. தாளப்பாக்கத்தார் அவ்வாறு பொருள் கொள்ளவில்லை. அன்னமாசார்யரின் திருக்குமாரர் பெரிய திருமலாசார்யர், அவருடைய குமாரர் சின்னத் திருமலாசார்யர் ஆகியோரும் ஸங்கீர்த்தனாசார்யர்களே. நாள்தோறும் பாடும் நியமத்தைத் தம் திருக்குமாரரும் தொடரவேண்டும் என்று அன்னமாசார்யர் கட்டளையிட்டுச் சென்றதாகக் குடும்ப மரபு கூறும்.

ஓலைச் சுவடியைச் செல் அரிக்கும், ஈரம் கெடுக்கும், சில தலைமுறைக்கு ஒருமுறை பெயர்த்து எழுதுவார் இல்லையேல் மறைந்தொழியும். அதனை உணர்ந்தே, பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதியில், பெரிய திருமலாசார்யரின் முயற்சியால் அப்பாடல்கள் செப்பேடுகளில் வெட்டப்பெற்றன. ஒவ்வொரு பாடலின் தலைப்பிலும் ராகத்தின் பெயரைப் பொறித்தார்கள். ஏடுகளின் தொகை இரண்டாயிரத்துக்கும் அதிகம். இத்தனை செம்பினையும், எழுத்து வெட்டும் கம்மியரின் கூலியையும், பிழை திருத்திய பண்டிதர்களின் உழைப்பையும் எண்ணிப் பாருங்கள். அவ்வேடுகளை வைப்பதற்கெனத் திருமலைக் கோயிலினுள்ளேயே, உண்டியலுக்கு அண்மையில், கருங்கல்லால் ஆன சிறிய அறை ஒன்று ஸங்கீர்த்தன பாண்டாரம் என்ற பெயரால் அமைந்தது. அதன் வாயிலின் இருபுறமும் தந்தையும் மகனும் சிலை வடிவில் நிற்பதைக் காணலாம்.

பாடல்கள் நிலைக்குமா என்பது அவர்கள் கையில் இல்லை. ஓலையை விட்டுச் செம்பைத் தேர்ந்துகொள்வதும், எழுத்தைத் தெளிவாக வெட்டுவிப்பதும், தகுந்த இடத்தில் வைத்துப் பூட்டுவதும் அவர்கள் கையில் இருந்தன. அவற்றை ஒரு குறையுமின்றிச் செய்துவிட்டு, சாவியைப் பெருமாளிடம் ஒப்படைத்துச் சென்றார்கள்.

நான்கு நூற்றாண்டு மௌனம்

1565-ஆம் ஆண்டுத் தலைக்கோட்டைப் போரில் விஜயநகர ஸாம்ராஜ்யம் நிலைகுலைந்தது. திருமலைக்கு வந்த அரச ஆதரவும் சுருங்கியது. பின்னர் பல அதிகாரங்கள் மாறின. கிழக்கிந்தியக் கம்பெனியாரின் நிர்வாகமும், 1843 முதல் 1933 வரை மஹந்துக்களின் நிர்வாகமும் நடந்தன. ஸங்கீர்த்தன பாண்டாரத்தினுள் செப்பேடுகள் கிடந்தன. அவ்வழியே அன்றாடம் ஆயிரக்கணக்கான யாத்ரீகர்கள் உண்டியலில் காணிக்கை செலுத்திச் சென்றார்கள். சுவருக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதை அறிந்தவர் அரிதாயினர்.

1816-ஆம் ஆண்டில் தெலுங்கு இலக்கணம் ஒன்றை ஆங்கிலத்தில் வெளியிட்ட காம்ப்பெல் என்னும் கம்பெனி அதிகாரி, திருப்பதியில் பழைய இலக்கண நூல் ஒன்று செப்பேட்டில் உள்ளது என்று கேள்வியுற்று, அவற்றைப் பார்வையிடச் செய்தார். இலக்கணம் கிடைக்கவில்லை, பெருமாள் மீதான துதிப்பாடல்களே உள்ளன என்று அறிந்து அத்துடன் விட்டுவிட்டார். கையில் அகப்பட்ட அமுத கலசத்தை, தேடிவந்த பொருள் அதுவன்று என்று கீழே வைத்ததற்கு ஒப்பாகும் இது. ஆயினும் அவரை நோவதற்கில்லை, வேளை வரவில்லை.

இந்த மௌன காலத்திலும் சில பாடல்கள் வாய்மொழியாகப் பிழைத்திருந்தன. ஆந்திரத் தாய்மார் தொட்டிலை ஆட்டிக்கொண்டு அவருடைய தாலாட்டைப் பாடினார்கள். நம் தமிழ்நாட்டு பஜனை ஸம்ப்ரதாயத்தில் ஆரம்பத்தில் பாடப்பெறும் தோடய மங்களத்திலும் அவர் பாடல் இடம்பெற்றது. பாடியவர்களில் பலருக்கு இயற்றியவர் பெயர் தெரியாது. திருமலையில் இரவு ஏகாந்த ஸேவையின்போது தாளப்பாக்கம் வம்சத்தார் பெருமாளுக்குத் தாலாட்டுப் பாடும் கைங்கர்யமும் தொடர்ந்து வந்தது. உலகம் மறந்தபோதும், எவனுக்காகப் பாடப்பட்டதோ அவன் செவிக்கு அப்பாட்டு எட்டியவண்ணமே இருந்தது.

அழிந்தவையும் உண்டு என்பதை மறைக்கலாகாது. அன்னமாசார்யர் த்விபதத்தில் இயற்றிய ராமாயணமும், ஸம்ஸ்க்ருதத்தில் இயற்றிய வேங்கடாசல மாஹாத்ம்யமும் இன்று இல்லை. பன்னிரண்டு சதகங்களில் ஒன்றே எஞ்சியது. ஸங்கீர்த்தன லக்ஷணம் என்று அவர் ஸம்ஸ்க்ருதத்தில் எழுதிய இலக்கணம் மறைந்தது. பேரர் சின்னத் திருமலாசார்யர் அதனைத் தெலுங்கில் ஆக்கிவைத்தபடியால் அதன் கருத்து மட்டும் நமக்குக் கிட்டியது. 32,000 ஸங்கீர்த்தனங்களுள் இன்று கிடைப்பவை ஏறத்தாழ 12,000 மட்டுமே. கிடைத்தவற்றுக்கும் இசைக் குறிப்பு இல்லை. ராகப் பெயர் உண்டு. அவர் எந்த மெட்டில் பாடினார் என்பதைச் செம்பு சொல்லவில்லை. செப்பேட்டில் குறித்த ராகங்களுள் சில, இன்று வழக்கிலேயே இல்லை.

மீண்டும் எழுந்த பாட்டு

1922-ஆம் ஆண்டில் செப்பேடுகள் அறிஞர் கவனத்துக்கு மீண்டும் வந்தன. ஸாது ஸுப்ரஹ்மண்ய சாஸ்த்ரி, வேட்டூரி ப்ரபாகர சாஸ்த்ரி முதலான பண்டிதர்கள் எழுத்தெழுத்தாகப் படித்துப் பெயர்த்தெழுதினார்கள். தேவஸ்தானம் அவற்றைத் தொகுதி தொகுதியாக அச்சிட்டது. ராள்ளபள்ளி அநந்தக்ருஷ்ண சர்மா பாடல்களைப் பதிப்பித்ததுடன், பலவற்றுக்கு இசையும் அமைத்தார். பின்னர் பாலமுரளீக்ருஷ்ணா, நேதுநூரி க்ருஷ்ணமூர்த்தி போன்ற வித்வான்கள் மெட்டமைத்துப் பாடினார்கள். 1978-ஆம் ஆண்டில் அன்னமாசார்யர் பெயரால் திருமலை திருப்பதி தேவஸ்தானம் ஒரு தனித் திட்டத்தையே ஏற்படுத்தியது. அதை ஒட்டிய காலத்தில் எம். எஸ். ஸுப்புலக்ஷ்மி அம்மையாரின் குரலில் அப்பாடல்கள் வீடுதோறும் புகுந்தன.

அவர் பரமபதித்த 1503-க்கும் ஏடுகள் வெளிவந்த 1922-க்கும் இடையே 419 ஆண்டுகள். தம் பாடலைப் பிற்காலத்தார் என்ன மெட்டில் பாடுவர் என்று அவர் எண்ணிப் பார்த்திருக்கவும் இயலாது. இன்று நாம் கேட்கும் இசை பெரும்பாலும் அவருடையதன்று. சொல் அவருடையது, பக்தி அவருடையது. தம் பங்கை அவர் முடித்துவிட்டுச் சென்றார். மீதிப் பங்கை முகமறியாத வேறு கைகள் வந்து முடித்தன. எவர் வந்து முடிப்பார் என்ற கவலையில் அவர் ஒரு நாளைப் பாடலின்றிக் கழித்திருந்தால், முடிப்பதற்கு அந்த ஒரு நாளின் பாடல் இருந்திராது.

நமக்குள்ள பாடம்

ஸ்ரீவைஷ்ணவர்களாகிய நாம் ஒவ்வொரு கர்மத்தைத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் ஸாத்த்விக த்யாகம் சொல்கிறோம். செய்கிறவன் நான் என்ற எண்ணம், இது என்னுடையது என்ற எண்ணம், இதன் பலன் எனக்கு என்ற எண்ணம் ஆகிய மூன்றையும் பகவானிடத்தில் விட்டுவிடுவதே அது. கீதையில் கண்ணன் பார்த்தனுக்கு உபதேசித்த கர்மயோகத்தின் ஸாரமும் இதுவே. நம் கையில் உள்ளது என்று நாம் சொல்லும் முயற்சியும், உள்ளபடி நோக்கினால் அவன் தந்த சக்தியைக் கொண்டு அவன் நடத்துவதே. ஆயினும் அவன் நம் கையில் கொடுத்திருக்கும் பங்கை நாம் கீழே போட்டுவிடக் கூடாது. அர்ஜுனனை வில்லைக் கீழே வைக்கும்படி கண்ணன் சொல்லவில்லை அன்றோ?

நாற்பது ஆண்டுகளாக இந்த த்யாக வாக்யத்தை நாவினால் சொல்லிவரும் அடியேனும், திருமஞ்சன வேளையில் மழையினால் கூட்டம் குறைந்தால் மனம் சுருங்குவதைக் கண்டிருக்கிறேன். கூட்டம் குறைந்ததனால் பாலும் தேனும் பெருமாளின் திருமேனியில் குறைவாகவா வழிந்தன? குறைந்தது அடியேனின் கவனம் மட்டுமே. அப்போதெல்லாம் மலைப்பாதையில் பாறைமேல் அமர்ந்து தாயாருக்குச் சதகம் பாடிய அந்தப் பிள்ளையை நினைத்துக்கொள்வேன்; கை தானே நேராகும்.

திருநந்தவனத்தில் பறித்த மலரைத் தொடுப்பவர்களைப் பாருங்கள். இன்று சாற்றும் மாலை நாளை நிர்மால்யம் என்பது அவர்களுக்குத் தெரியும். ஸேவிப்பவர்களுள் எவரும், இது யார் தொடுத்த மாலை என்று கேட்பதில்லை என்பதும் தெரியும். அதற்காக முடிச்சைத் தளர்த்திப் போடுவதில்லை. கலைஞர்களுக்கும் இதற்குமேல் சொல்லவேண்டியது யாது? சுருதி சேர்ப்பது உங்கள் கையில் உள்ளது. ஸாதகம் உங்கள் கையில் உள்ளது. எவனை நினைந்து பாடுகிறோம் என்பது உங்கள் கையில் உள்ளது. கிடைக்கும் நேரம், கூடும் கூட்டம், கிட்டும் ஸம்பாவனை, நாளை நிற்கும் பெயர் ஆகியவை அவன் கையில் உள்ளன. அவன் கை நம் கையைக் காட்டிலும் பெரிது.

இந்த உத்ஸவத்துக்கு எழுந்தருளியிருக்கும் அன்பர்களுக்கும் ஒரு விண்ணப்பம். புறப்பாடு கண்டருளியபின், மண்டபத்தில் எவரேனும் பாடிக்கொண்டிருந்தால், வண்டிக்கு நேரமாயிற்று என்று எழுந்துவிடாமல் ஒரு பாடல் முடியும்வரை அமர்ந்து கேட்டுச் செல்லுங்கள். பாடுபவர் உங்களை எதிர்பாராமல் பாடுவது அவருடைய தர்மம். இருந்து கேட்பது நம்முடைய கையில் உள்ளது.

அன்னமாசார்யரின் நாவில் நாள்தோறும் எழுந்தருளிய அலர்மேல்மங்கை உறை மார்பன், நம் அனைவருக்கும் நம் பங்கைக் குறைவறச் செய்யும் உறுதியையும், மற்றதை அவனிடம் விட்டிருக்கும் அமைதியையும் தந்தருள வேண்டுமென்று ப்ரார்த்திக்கிறேன்.

திருவேங்கடமுடையான் திருவடிகளே சரணம்.
ஸுபமஸ்து.